ஆளுக்கும் தாளுக்கும் நடுவே

பேரூர் பட்டீசுவரர் கோயில் மண்டபத்தில் ஒரு பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முதுகு தூணில், மடியில் மஞ்சள் பை, இரண்டு உள்ளங்காலும் நேராக என்னைப் பார்த்தபடி. மூன்றடி தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரை வரைந்துகொண்டிருந்தேன். முகம் சுமாராக வந்தது. சேலை மடிப்பும் வந்தது. கால்தான் வரவில்லை. நீளமாக வரைந்தால் பாட்டி படுத்துவிட்ட மாதிரி இருந்தது; குறைத்து வரைந்தால் முழங்காலுக்குக் கீழே யாரோ வெட்டியெடுத்த மாதிரி. நான்கு முறை அழித்ததில் தாள் நைந்துபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் பார்த்த ஓவிய வாத்தியார் (என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்) சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. "இது பாட்டியோட கால் இல்லீங்க," என்றார். "காலுன்னா இப்படித்தான் இருக்கோணும்னு நீங்க வெச்சிருக்கற நெனப்புங்க."

ஐம்பது வயதுக்கு மேல் உருவம் வரையக் கிளம்பியவனுக்கு இந்த ஒரு வாக்கியம் ஒரு வருடத்துக்குப் போதுமான வேலை வைத்தது. நெனப்பு எப்படிக் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே வந்து உட்கார்கிறது? அதைத் தேடிப் போனால், பென்சிலைவிட மூளையைப் பற்றித்தான் அதிகம் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சோதனை. மார்கழிக் காலையில் வெந்நீர் ஊற்றிக் குளித்த பிறகு, ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் ஓரத்தை விரலால் சுற்றி வரையுங்கள். பிறகு நகர்ந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். ஒரு பெரிய மாம்பழ அளவுதான் இருக்கும். உங்கள் முகத்தில் சரியாகப் பாதி. இன்னும் பின்னால் போய் நின்று வரைந்தாலும் அதே பாதிதான். கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் எவ்வளவு தூரமோ, கண்ணாடிக்குப் பின்னால் பிம்பமும் அவ்வளவு தூரம்; கண்ணாடி எப்போதும் நடுவழியில் இருப்பதால் அதன் பரப்பில் படும் உருவம் பாதியாகிறது. கலை வரலாற்று ஆசிரியர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் 1960இல் எழுதிய புத்தகத்தில் இந்தச் சோதனையைச் சொல்லி, செய்து பார்க்காமல் யாரும் நம்புவதில்லை என்ற பொருளில் குறிப்பிடுகிறார். நானும் நம்பவில்லை. அளவுகோல் எடுத்துப்போய் அளந்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தினமும் சவரம் செய்யும் கண்ணாடியில் இவ்வளவு சின்ன முகத்தை இத்தனை வருடம் எப்படிப் பார்க்காமல் விட்டோம்? மூளை அதை நமக்குக் காட்டுவதில்லை என்பதுதான் பதில். உக்கடத்தில் தூரத்தில் வரும் பேருந்து நூறு மீட்டரிலிருந்து ஐம்பது மீட்டருக்கு வரும்போது விழித்திரையில் அதன் உருவம் இரண்டு மடங்காகிறது. ஆனாலும் பேருந்து ஊதிப் பெரிதாவதாக நமக்குத் தோன்றுவதில்லை. அது பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். தூரத்தைக் கணக்கில் எடுத்து, அளவைத் திருத்தி, 'இது அதே பேருந்து' என்று முடிவாகச் சொல்லிவிடுகிறது மூளை. பிழைத்திருக்க இந்தத் திருத்தம் வேண்டும். வடிவத்திலும் இதே கதை. மேசைமேல் இருக்கும் காப்பி டம்ளரின் வாய், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஒடுங்கிய நீள்வட்டமாகத்தான் கண்ணில் படுகிறது. வரையச் சொன்னால் அதைவிட உருண்டையாக வரைகிறோம், ஏனென்றால் டம்ளர் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். சாய்ந்த வட்டத்தைப் பார்ப்பவர்கள் அதை உண்மை வட்டத்தின் பக்கமாக இழுத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை ராபர்ட் தௌலஸ் என்ற உளவியலாளர் 1931லேயே அளந்து காட்டிவிட்டார்.

இப்போது பாட்டியின் காலுக்கு வருவோம். உள்ளங்கால் என்னிடமிருந்து மூன்றடி. காலை நீட்டி உட்கார்ந்தவரின் தலை அதற்கும் மூன்றடி பின்னால், அதாவது ஆறடி. மனித உடம்பில் பாதத்தின் நீளமும் தலையின் உயரமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே பாதி தூரத்தில் இருக்கும் பாதம், படத்தில் தலையைப்போல இரண்டு மடங்கு உயரமாக வர வேண்டும். நான் வரைந்த பாதமோ தலையைவிடச் சிறியது. பாதத்துக்கும் தொடைக்கும் நடுவே இருக்கும் கால் முழுவதும் படத்தில் இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்க வேண்டியது. நான் அதற்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தேன். வகுப்பில் இதற்கு ஃபோர்ஷார்ட்டனிங் என்று பெயர். பெயர் தெரிந்ததால் கால் வந்துவிடவில்லை.

'எனக்குக் கை வராது' என்று சொல்லாத ஆள் இல்லை. கை வராதவர்கள்தான் ஊசியில் நூல் கோக்கிறார்கள், விடியற்காலையில் வாசலில் குனிந்து இருபத்தொரு புள்ளிக் கோலத்தை ஒரு நடுக்கம் இல்லாமல் இழுக்கிறார்கள். டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இருவர் 1997இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். வரைய வராததற்குக் கை காரணமாக இருக்கலாம். எதை வரைவது, எதை விடுவது என்ற முடிவு காரணமாக இருக்கலாம். வரைந்ததைச் சரிபார்க்கத் தெரியாதது காரணமாக இருக்கலாம். அல்லது பொருளையே தவறாகக் கண்டிருக்கலாம். படத்தின்மேல் கண்ணாடித்தாள் வைத்து நகலெடுக்கச் சொன்னபோது, வரையத் தெரியாதவர்களும் நன்றாகவே எடுத்தார்கள். கை குற்றவாளி இல்லை. பிழையின் பெரும்பகுதி காண்பதிலேயே நடந்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு.

அப்படியானால் மரம் வரையும்போது மட்டும் ஏன் இந்தப் பாடு இல்லை? சிறுவாணிச் சாலையில் ஒரு புளியமரத்தை வரைந்தேன். ஒரு கிளை நான் வரைந்த இடத்தில் இல்லவே இல்லை. படத்தைப் பார்த்த எல்லோரும் புளியமரம் என்றார்கள். தோளை அரை சென்டிமீட்டர் இறக்கி வரைந்த ஆளைப் பார்த்ததும், 'என்னமோ சரியில்லையே' என்கிறார்கள். எது சரியில்லை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

மனித உடம்பைப் பார்ப்பதில் நாம் எல்லோருமே தேர்ந்தவர்கள். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973இல் சில மனிதர்களின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எனப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். அசையாமல் நின்றபோது பார்த்தவர்களுக்கு அது வெறும் புள்ளிக்கூட்டம். நடக்கத் தொடங்கிய மறுகணமே 'ஆள் நடக்கிறார்' என்று சொல்லிவிட்டார்கள். 2001இல் பால் டௌனிங்கும் உடன் ஆய்வாளர்களும், மூளையின் பின்பக்கத்தில், நாற்காலி, வீடு, கார் போன்றவற்றைவிட மனித உடம்பின் படத்துக்கு மிகுதியாகத் துடிக்கும் ஒரு பகுதி இருப்பதைக் கண்டறிந்தார்கள். நொடிப்பொழுதில் ஆளை அடையாளம் காணும் இந்த ஏற்பாடுதான் வரைபவனுக்கு இரண்டு பக்கமும் இடி. அடையாளம் கண்டவுடன் அளப்பதை நிறுத்திவிடுகிறது. அதனால் பிழையாக வரைகிறோம். வரைந்து முடித்ததும் அதே ஏற்பாடு வந்து, பிழையாக இருக்கிறது என்று முகம் சுளிக்கிறது.

அதை ஏமாற்ற வழிகள் உண்டு. பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியை 1979இல் வெளியிட்ட புத்தகத்தில், பிக்காசோ கோட்டோவியமாக வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் உருவத்தைத் தலைகீழாக வைத்து நகலெடுக்கச் சொன்னார். நேராக வைத்து வரைந்ததைவிடத் தலைகீழாக வரைந்தது நன்றாக வந்து பலரையும் திகைக்க வைத்தது. தலைகீழானதும் முகம் முகமாக இல்லாமல் போகிறது. இங்கே ஒரு வளைவு, அங்கே ஒரு சாய்வு என்று மட்டும் தெரிகிறது. வலது மூளை ஓவியம், இடது மூளை கணக்கு என்று அவர் சொன்ன விளக்கம் பிற்கால மூளை ஆய்வுகளின் முன் நிற்கவில்லை. பயிற்சி நிற்கிறது. மருந்து வேலை செய்ய, சீட்டில் எழுதிய காரணம் சரியாக இருந்தாக வேண்டும் என்பதில்லை போலும்.

நம் ஊர் சினிமா பேனர் வரைந்தவர்களுக்கு இது முன்பே தெரிந்த வித்தை. ஒரு சின்னப் புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பெரிய திரையிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மாற்றினார்கள். ஒரு கட்டத்துக்குள் இருப்பது கதாநாயகனின் கன்னம் என்று யாரும் நினைப்பதில்லை. கோடு கட்டத்தின் இடது ஓரத்தில் எங்கே நுழைகிறது, மேல் ஓரத்தில் எங்கே வெளியேறுகிறது என்பதுதான் கேள்வி. வாத்தியார் எனக்குச் சொன்னது இதற்குத் தம்பி. இடுப்பில் கை வைத்து நிற்பவரின் கையை வரையாதீர்கள், கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கிற முக்கோணச் சந்தை வரையுங்கள் என்றார். சந்துக்குப் பெயர் கிடையாது. பெயரில்லாததைப் பற்றி மூளையிடம் நெனப்பும் கிடையாது. முதல்முறையாக ஒரு கை என் நோட்டில் கையாக வந்தது அப்படித்தான்.

இதற்கு நேர் எதிரான பாதை ஒன்று இதே கொங்கு நாட்டில் தினமும் நடக்கிறது. அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் வழியில் திருமுருகன்பூண்டியில் சாலையோரம் முழுக்கச் சிற்பக்கூடங்கள்; உளிச் சத்தமும் கல் தூசியும். அங்கே எந்த மாடலும் எதிரில் நிற்பதில்லை. கல்லில் கோடு போடுவதற்கு முன்பே உருவத்தின் அளவு தீர்மானமாகிவிட்டது. முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளம் 12 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருப்பதில்லை, சிலையின் உயரத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும் பங்கு. சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். நவதாளம் 108. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், ஐந்தே தாளம்.

இதை முதலில் படித்தபோது, இது உண்மை உடம்போடு ஒட்டாத ஒரு சாத்திரக் கணக்கு என்று நினைத்தேன். வீட்டில் எல்லோரையும் நிறுத்தி நாடா பிடித்தேன். தலைமுடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை அளந்து, உயரத்தை அதனால் வகுத்தால், வளர்ந்தவர்களுக்கு ஒன்பதை ஒட்டியே வருகிறது. உச்சியிலிருந்து அளந்தால் ஏழரைத் தலை. மேற்கத்தியக் கலைப் பள்ளிகளில் மாணவருக்குச் சொல்லித்தரும் எண்ணும் அதுதான். பிறந்த குழந்தைக்கு நான்கு தலைதான் உயரம். குழந்தையை வரையும்போது அது பெரும்பாலும் குட்டையான கிழவராக வருவதற்கு, தலையைச் சின்னதாகப் போடுவதே காரணம். இன்னொன்று: கண் இருக்கும் இடம். உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் இருக்கிறது கண். தொடங்குபவர்கள் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். கண், மூக்கு, வாய் என்று கவனிக்க விஷயம் இருக்கும் பகுதி மனத்தில் விரிகிறது. முடி மூடிய மேல்பகுதி சுருங்குகிறது. என் முதல் நோட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் மண்டையில் பாதி கிடையாது.

சிற்பிக்கும் நெனப்புதான் ஆதாரம். ஆனால் அது பல தலைமுறை அளந்து திருத்திய நெனப்பு. எனக்கு இருந்ததோ ஐந்து வயதில் சிலேட்டில் போட்ட மனிதனோடு நின்றுபோன நெனப்பு.

கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கரை இங்கே சொல்லாமல் போக முடியாது. சிறு வயதிலேயே வரையத் தொடங்கியவர் என்றாலும், தந்தித் துறையிலும் காப்பீட்டு முகவராகவும் வேலை பார்த்துவிட்டு, 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. பணிக்கர் படித்தபோது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். 1959இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் முதுகுத் தசை ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று எண்ணிவிடலாம். அவருக்குப் பிறகு 1957இல் பணிக்கரே முதல்வரானார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், உருவங்கள் சின்னச் சின்னக் குறிகளாகவும் எழுத்துபோன்ற கிறுக்கல்களாகவும் மாறிவிட்டன. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. உருவத்துக்குப் பதில் குறியைப் போடுவதுதான் தொடங்குபவன் செய்யும் தவறு. அவர் உருவத்தை முழுதாகக் கற்றுக்கொண்டு, பிறகு விரும்பிக் குறிக்குப் போனார். என் நோட்டைப் பார்த்து இந்தத் தவறைச் சுட்டிக்காட்டிய நண்பரிடம், நானும் பணிக்கர் பாணிதான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வகுப்பில் மூன்றாம் மாதம் எல்லோருக்கும் ஒரு சோர்வு வருகிறது. எனக்கு அது கடுமையாகவே வந்தது. முதல் மாதப் படங்களை வரைந்தபோது திருப்தியாக இருந்தது. மூன்றாம் மாதப் படங்கள் எல்லாமே கோணல். பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், உண்மையில் பழையதுதான் படுமோசம். கண் நான்கு எட்டு வைத்திருந்தது, கை ஒன்று. அந்த இடைவெளியைத்தான் நான் தோல்வி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் அப்போதுதான் வகுப்பை விட்டு நின்றார்கள்.

மூன்று மாதத்தில் மூளைக்குள் என்னதான் நடக்கிறது? அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அலெக்சாண்டர் ஷ்லேகலும் குழுவினரும் ஓவிய வகுப்பில் சேர்ந்த மாணவர்களையும் சேராதவர்களையும் மாதாமாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2015இல் வெளியிட்டார்கள். வகுப்புக்குப் போனவர்கள் மனித உருவத்தைச் சில நொடிகளில் கோட்டில் பிடிப்பதில் முன்னேறியிருந்தார்கள்; மூளையின் முன்பகுதியில் நரம்பிழைகளின் அமைப்பில் மாற்றம் தெரிந்தது. ஆனால் நீளத்தையும் வெளிச்சத்தையும் தவறாகக் காட்டும் கண்மாயச் சோதனைகளில் அவர்கள் முன்போலவே ஏமாந்தார்கள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்த செய்தி இது. ஆவி படிந்த கண்ணாடி எனக்கு இன்றும் முழு முகத்தையே காட்டுகிறது. ஓவியம் கற்றதால் அந்தத் திருத்தம் கழன்று விழாது. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழக்கங்கள்தான் சேர்கின்றன.

அந்த வழக்கங்களில் ஒன்று பார்வையின் தாளகதி. ஹம்ப்ரி ஓஷன் என்ற பிரிட்டிஷ் உருவப்பட ஓவியர் வரையும்போது அவர் கண் எங்கே போகிறது என்பதைக் கிறிஸ் மையல், ஜான் சாலெங்கோ இருவரும் கருவி மாட்டி அளந்தார்கள். ஒவ்வொரு முறை மாடலைப் பார்க்கும்போதும் அவர் கண் ஒரே புள்ளியில் குத்தி நின்றுவிட்டு உடனே தாளுக்குத் திரும்பியது. பயிற்சியில்லாதவர்களின் கண் ஒரு பார்வைக்குள் இரண்டு மூன்று இடத்தில் மேய்ந்தது. நான் பாட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு முழுக் காலையும் இழுத்தேன். கண்ட காட்சி கையில் வரும்வரை நினைவில் நிற்பது ஓரிரண்டு நொடிதான். அதற்குமேல் வரைந்தது முழுக்க நெனப்பு. "ஆளைப் பாருங்க, தாளைப் பாருங்க, மறுக்கா ஆளைப் பாருங்க," என்று வாத்தியார் ஏலம் விடுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பதன் பொருள் அப்புறம்தான் விளங்கியது.

இன்னொரு வழக்கம் கொத்தனாரிடமிருந்து வந்தது. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு செய்து, காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் இரண்டு காலிலும் சமமாக நிற்பதில்லை. பாரம் ஒரு காலில், மற்றது சும்மா. பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு ஏறுகிறது, அந்தப் பக்கத் தோள் இறங்குகிறது, முதுகுத்தண்டு நடுவில் வளைந்து சமன் செய்கிறது. கழுத்துக் குழியிலிருந்து நூலை விட்டால், குண்டு பாரம் தாங்கும் காலின் கணுக்காலை ஒட்டி வந்து நிற்கும். உடம்பின் எடைமையம் அந்தப் பாதத்துக்குள் விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சாய்வார். படத்தில் இந்தக் கோடு தவறினால் ஆள் பக்கத்தோடு சேர்ந்து விழுகிறார். கையில் டிபன் பையோடு பொள்ளாச்சி வண்டிக்காகக் காத்திருந்த ஒரு பெண் நின்ற நிலைக்குச் சிற்ப நூலில் பெயர் இருக்கிறது, திரிபங்கம். பேரூர் கனகசபையின் நாயக்கர் காலத் தூண்களில் ஊர்த்துவ தாண்டவர் ஒரு காலை வானுக்குத் தூக்கி நிற்கிறாரே, அவருக்கும் இதே கணக்குதான். மனத்தில் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தேன். ஊன்றிய பாதத்தில் வந்து நின்றது.

போன மாதம் மறுபடி பேரூர் மண்டபம். அதே பாட்டி, அதே தூண், அதே மஞ்சள் பை. இந்த முறை கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைத் தூக்கிப் பிடித்தேன். முழங்கை மடங்கினால் பென்சிலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறி அளவு கெடும். தலை, பென்சிலில் ஒரு விரற்கடை. உள்ளங்கால், இரண்டு. நம்பிக்கையில்லாமல் மறுபடி அளந்தேன், இரண்டேதான். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விரற்கடைக்குப் பாதத்தைப் போட்டேன். அதன் பின்னால் கால் ஒரு சின்ன மடிப்பாக ஒதுங்கியது. அதற்கும் பின்னால், தூரத்தில், பாட்டி உட்கார்ந்திருந்தார்.

எட்டிப் பார்த்தவர் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏஞ்சாமி, என்ற காலு இத்தாப் பெருசாவா இருக்குது?"

விளக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு காலை மடக்கிக்கொண்டார். இடது பாதத்துக்கு இன்னும் விரல் போடவில்லை.